மூன்றாம் நாள் மாலை 5.39

மதகு தூக்கியது வியாழன் காலை ஆறு மணிக்கு.
வினாடிக்குப் பத்தாயிரம் கன அடி.
சனிக்கிழமை மாலை ஐந்து முப்பத்தொன்பதுக்கு
தஞ்சாவூர் அலுவலகத்தின் அட்டவணையில்
ஆறு நின்றுவிட்டது.

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

ஞாயிறும் அதே. திங்களும் அதே.
காலையில் விவசாயிகளின் போனுக்குப் போகும் குறுஞ்செய்தியில்
கடைசி ஏழு கூட மாறவில்லை.
"மேல தண்ணிய நிறுத்திட்டீங்களா?" என்று
திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர் கேட்டாராம்.
கேட்ட தொனியை உதவிப் பொறியாளர் அமலோற்பவம்
எனக்கு அப்படியே நடித்துக் காட்டினார்.

கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் போயிருந்தேன்,
மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு.
பாபநாசம் பக்கம் குடமுருட்டி
நுரையும் ஆகாயத்தாமரையுமாய்ப் போய்க்கொண்டிருந்தது
தன் கணக்கு நிரம்பிவிட்டது தெரியாமல்.

யாரோ அந்தப் பத்திக்கு 'இன்ட்' என்று எழுதியிருக்கிறார்.
(நான்தான். பதினோரு வருஷம் முன்னால்.
ஒரு நாள் கணக்குக்கு மட்டும் என்றார்கள் அப்போது.
இந்த வருஷம்தான் கூட்ட ஆரம்பித்திருக்கிறார்கள்.)

முப்பத்திரண்டு பிட்.
கூட்டலா கழித்தலா என்ற குறிக்கு ஒன்று போனால்
மிச்சம் முப்பத்தொன்று.
பழைய பதிப்பு, பிழை என்று கத்தாது.
நிறைந்த மரக்காலில் தலைதட்டுகிற மாதிரி
மேலே வந்ததையெல்லாம் வழித்துவிட்டு
அதே எண்ணை மறுபடி எழுதும், மரியாதையாக.

"ஃப்ளோட் போட்டுடேம்மா."
ஃப்ளோட்டுக்கு அரை தெரியும், கால் தெரியும்,
அரைக்கால், வீசம், அரைவீசம் வரை பிசிறில்லாமல் தெரியும்.
பத்தில் ஒன்று தெரியாது.
கிட்டத்தட்டச் சொல்லும்.
அரசுக் கோப்பில் கிட்டத்தட்டவுக்கு இடமில்லை என்றேன்.
அமலோற்பவம் சிரித்தார், நெடுநேரம்.

பிக்இன்ட் ஆக்கினேன். ஒரே வரி. நாற்பது வினாடி.
இதே வேகத்தில் இரவு பகலாய் ஓடினாலும்
இனி நிரம்ப
இரண்டு கோடியே தொண்ணூற்றிரண்டு லட்சம் ஆண்டு.
"அதுவரைக்கும் மேல இருக்கறவன் விடணுமே"
என்றார் பியூன் சவரிராயன், டீ கிளாஸை வைத்தபடி.

பத்து நாள் கழித்து ஒரு போன்.
தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை,
லஸ்கர் வைரக்கண்ணு.
"பெரிய நம்பர சரி பண்ணிட்டீங்களாம்.
எங்க நம்பரையும் கொஞ்சம் பாருங்க மேடம்."

அவர் அளவுகோலில் நாலு சென்டிமீட்டர்.
அவர் அனுப்புவது 0.04.
அட்டவணை காட்டுவது 0.0.
"பாதம் நனையுது. நீங்க இல்லங்கிறீங்க."

டெசிமல். மொத்தம் நாலு இலக்கம், புள்ளிக்குப் பின் ஒன்று.
அதுவும் என் கைதான்.
மேட்டூரை நினைத்து எழுதியிருப்பேன்.
நூற்றிருபது அடியில்
நாலு சென்டிமீட்டர் யாருக்கு வலிக்கும்?

ஒன்றை இரண்டாக்கினேன்.
அன்றைய 0.04 வந்து உட்கார்ந்தது.
பழைய வரிகளுக்கெல்லாம் பின்னால்
இன்னொரு பூஜ்யம் ஒட்டிக்கொண்டது.
0.00
0.00
0.00
பதினோரு வருஷம்.
எந்தப் பூஜ்யம் பாளம் பாளமாய் வெடித்த களிமண்,
எந்தப் பூஜ்யம் ஒரு பாதத்துக்கு இருந்த தண்ணீர்
என்று கேட்டால்
எனக்குத் தெரிந்த எந்தக் கட்டளைக்கும் பதில் வராது.
பத்தியை அகலப்படுத்தலாம்.
உதிர்ந்த இலக்கம் திரும்பாது.

"நோட்டு எங்கிட்ட இருக்கு" என்றார் வைரக்கண்ணு.
"தேதி போட்டு, தினம் ரெண்டு வேளை."
வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.
பின்னால் எங்கோ டீசல் பம்ப் ஓடும் சத்தம்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
"வேணாம் மேடம். அந்தப் பூஜ்யத்துக்கு
ரெண்டு வருஷம் வறட்சி நிவாரணம் வந்துச்சு.
இனிமே வர்றத மட்டும் சரியா போடுங்க."

வைத்துவிட்டார்.
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது
0.04-க்குக் கீழே, காலி வரியில்.